சுற்ற மறுத்த சிலிண்டர்: ரிவால்வரும் கரியும்

தீபாவளிக்கு வாங்கும் பொட்டுத் துப்பாக்கி ஞாபகம் இருக்கிறதா? முதல் நாள் டப் டப்பென்று வெடிக்கும். கார்த்திகை தீபம் வருவதற்குள் ஹேமர் இறுகிப்போகும். பொட்டு வெடித்த இடத்தில் செம்பழுப்பாகத் துரு பூத்திருக்கும். "மட்டமான தகரம்" என்று சொல்லித் தூக்கிப் போட்டுவிடுவோம்.

தகரத்தின் மேல் முழுப் பழியையும் போடுவது நியாயமில்லை. பொட்டுக்குள் இருந்த ஒரு உப்புக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. அதே உப்போடும் அதற்கு அண்ணன் முறையான கரியோடும் உலகத்தின் பெரிய துப்பாக்கி கம்பெனிகளும் ராணுவங்களும் நூறு வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கின்றன. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சினிமாவில் கதாநாயகன் ரிவால்வரை எடுத்தால் சுட்டுக்கொண்டே இருப்பான். குண்டு தீர்வதைக்கூடச் சில இயக்குநர்கள் காட்டுவார்கள். ஆனால் சிலிண்டர் சுற்றாமல் நின்று போவதை யாரும் காட்டுவதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ரிவால்வர் வைத்திருந்தவனுக்கு அது அன்றாடப் பிரச்சினை. ஒரு தரம் ஆறு குண்டும் தீர்ந்து, மறுபடி நிரப்பிச் சுடும்போது சிலிண்டர் கனக்க ஆரம்பிக்கும். இன்னும் ஒரு தரம் நிரப்பினால் கட்டைவிரலால் ஹேமரை இழுப்பதே பெரும்பாடாகிவிடும். எதிரி முன்னால் நிற்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பிரச்சினையைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று புரிந்தது. ரிவால்வரின் உருவத்தை முடிவு செய்ததில் அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அழுக்குக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு பங்கு உண்டு. அந்த அழுக்கு எதனால் ஆனது என்று தெரியாமல் சுத்தம் செய்தவர்கள் நல்ல துப்பாக்கிகளைத் தாங்களே கெடுத்திருக்கிறார்கள்.

எங்கே இறுகுகிறது?

முதலில் பொறி எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

ரிவால்வரின் நடுவில் இருக்கும் உருளைதான் சிலிண்டர். அதில் ஐந்தோ ஆறோ அறைகள் இருக்கும். உருளையின் நடுவே ஓர் அச்சு. பின்பக்கத்தில் சைக்கிள் ஃப்ரீவீலுக்குள் இருப்பது மாதிரி பற்கள். ஹேமரை இழுக்கும்போது உள்ளேயிருந்து ஒரு சின்ன நெம்புகோல் எழும்பி ஒரு பல்லைத் தள்ளும். சிலிண்டர் ஓர் அறை அளவு திரும்பும். உடனே கீழேயிருந்து ஒரு பூட்டு நாக்கு எழுந்து சிலிண்டரில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் உட்காரும். இப்போது அறையும் குழலும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். விசையை அழுத்தினால் வெடிக்கும்.

இதில் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. சிலிண்டர் சுற்ற வேண்டுமானால் அதற்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். இடைவெளி பெரிதானால் அழுத்தமெல்லாம் பக்கவாட்டில் போய்விடும். அதனால் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை, அதாவது ஒன்றிரண்டு தாள் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி விடுவார்கள். ஒவ்வொரு முறை சுடும்போதும் அந்தச் சின்ன இடைவெளி வழியாகச் சூடான புகை பீறிட்டு அடிக்கும். அது போய்ப் படிகிற இடங்கள் இரண்டு: சிலிண்டரின் முன்முகம், நடு அச்சு. ரிவால்வர் இறுகுவது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான்.

பாதிக்கு மேல் சாம்பல்

அந்தக் காலத்து மருந்து கருமருந்து. வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு. 1870-களில் ஆண்ட்ரூ நோபிள், ஃபிரடெரிக் ஏபெல் என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் இந்த மருந்தைக் கெட்டியான இரும்புப் பாத்திரத்துக்குள் மூடி வைத்து எரித்து, மிஞ்சுவதை அளந்தார்கள். எடையில் ஏறத்தாழ 43 சதவீதம்தான் வாயுவானது. மீதி 57 சதவீதம் திடப்பொருள்!

அதாவது குண்டைத் தள்ளும் வேலையைச் செய்தது பாதிக்கும் குறைவான மருந்துதான். மற்றதெல்லாம் வெண்புகையாகப் போகும், அல்லது துப்பாக்கியிலேயே ஒட்டும். 1851-ஆம் ஆண்டு மாடல் கோல்ட் நேவி ரிவால்வரை எடுத்துக்கொள்வோம். ஓர் அறைக்கு ஒன்றரை கிராமுக்குச் சற்று அதிகமாக மருந்து போடலாம். ஆறு அறைக்கும் சேர்த்துப் பத்து கிராம் என்று வைத்தால், ஒரு சுற்று முடியும்போது ஐந்தரை கிராம் திடப்பொருள் உண்டாகும். பெரும்பகுதி வெளியே போனாலும், தாள் நுழையும் இடைவெளியை அடைக்க மிச்சமே போதும்.

இந்தக் கசடில் முக்கியமானவை பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட், பொட்டாசியம் சல்பைடு. இதில் கார்பனேட் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காற்றில் ஈரப்பதம் 45 சதவீதம் இருந்தாலே அது கசியத் தொடங்கிவிடும். எனவே இரண்டு விதத் தொல்லை. வறண்ட வெயிலில் கசடு ஓடு மாதிரி இறுகிச் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். ஈரமான நாளில் இளகிச் சேறாகி இரும்பைத் தின்னும்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. இவை எல்லாமே தண்ணீரில் கரையும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கோல்ட் செய்த கெட்டிக்காரத்தனம்

ரிவால்வரைக் கண்டுபிடித்தவர் சாமுவேல் கோல்ட் என்று பலரும் நினைக்கிறார்கள். அவருக்கு முன்பே, 1818-ல் எலிஷா காலியர் என்ற அமெரிக்கர் இங்கிலாந்தில் ஒரு சுழல்துப்பாக்கிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். சக்கிமுக்கிக் கல் வைத்த துப்பாக்கி அது. இடைவெளிப் பிரச்சினைக்கு அவர் ஒரு வழி கண்டிருந்தார். சிலிண்டரை ஸ்பிரிங் முன்னால் தள்ளும். அறையின் வாய் குழலின் பின்முனை மேல் தொப்பி மாதிரி உட்காரும். இடைவெளியே இல்லை, புகையும் வராது. யோசனை அருமைதான். ஆனால் ஒவ்வொன்றையும் கையால் நுணுக்கமாக இழைத்துச் செய்ய வேண்டும். விலை அதிகம், விற்பனை கொஞ்சம்.

கோல்ட் 1836-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கி நியூஜெர்சி மாகாணத்தின் பேட்டர்சன் ஊரில் கம்பெனி ஆரம்பித்தார். 1842-ல் அந்தக் கம்பெனி படுத்துவிட்டது. பிறகு மெக்சிகோ யுத்தம் வந்தது. டெக்சாஸ் குதிரைப்படைக்காரரான சாமுவேல் வாக்கர் சொன்ன யோசனைகளைச் சேர்த்து, 1847-ல் இரண்டு கிலோ எடையுள்ள பூதாகரமான வாக்கர் மாடல் வந்தது. அதிலிருந்து கோல்ட் திரும்பிப் பார்க்கவில்லை. 1851 லண்டன் உலகக் கண்காட்சியில் தன் ரிவால்வர்களைப் பரப்பி வைத்தார். அதே வருடம் நவம்பரில் லண்டன் சிவில் இன்ஜினியர்கள் சங்கத்தில் சொற்பொழிவும் ஆற்றினார். நேவி மாடல் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது.

இந்தக் கோல்ட் ரிவால்வர்களைப் படத்தில் பார்த்தால், சிலிண்டருக்கு மேலே சட்டமே இருக்காது. மொட்டைத்தலை மாதிரி திறந்திருக்கும். பலவீனமான அமைப்பு என்று குறை சொன்னவர்கள் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் சட்டம் இல்லாததால் முழு பலமும் நடு அச்சின் மேல்தான் விழும். அதனால் அச்சைத் தடிமனாக வைக்க வேண்டியிருந்தது. அந்தத் தடித்த அச்சில் திருகு மாதிரி பள்ளங்கள் வெட்டினார்கள். அந்தப் பள்ளங்களில் கொழுப்பைத் தடவி வைத்தால், வருகிற கரி பள்ளத்துக்குள் ஒதுங்கும். மீதி அச்சு வழவழப்பாகவே இருக்கும். வீட்டு மாவு கிரைண்டரில் மாவை ஒதுக்கிவிட ஒரு பலகை இருக்கிறதே, வேலை ஏறத்தாழ அதுதான்.

இன்னொன்று, கழற்றும் வசதி. குழலின் பக்கவாட்டில் ஓர் ஆப்பு இருக்கும். அதைத் தட்டி எடுத்தால் குழல் தனியே, சிலிண்டர் தனியே, உடல் தனியே வந்துவிடும். ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். குதிரையிலிருந்து இறங்கிய சிப்பாய் ஓடைக்கரையில் உட்கார்ந்து கழுவிவிடலாம்.

போட்டிக்காரரான ரெமிங்டன் வேறு வழியில் போனார். அவருடைய ரிவால்வரில் சிலிண்டருக்கு மேலேயும் இரும்புச் சட்டம் உண்டு. கட்டுமானம் உறுதி. ஒரு கம்பியை முன்னால் இழுத்தால் சிலிண்டர் கழன்று கையில் வரும். ஆனால் அந்தக் கம்பி மெல்லியது, கோல்ட் அச்சில் இருப்பது போன்ற பள்ளங்கள் அதில் இல்லை. புகை நேராக அதன் மேல் அடிக்கும். அதனால் ரெமிங்டன் கோல்ட்டை விடச் சீக்கிரம் இறுகும். இன்றைக்கும் பழைய மாதிரித் துப்பாக்கிகளில் கருமருந்து போட்டுச் சுடும் அமெரிக்கப் பொழுதுபோக்குக்காரர்கள் இதையேதான் சொல்கிறார்கள்.

உறுதியான துப்பாக்கி சீக்கிரம் நிற்கிறது, பலவீனமானது தொடர்ந்து ஓடுகிறது. காகிதத்தில் வரைந்து பார்த்தால் இது தெரியாது. சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

கோல்ட்டுக்கு இருந்த தனிச் சிக்கல், கேப். மருந்தைப் பற்றவைக்க அறையின் பின்னால் ஒரு சின்னச் செம்புத் தொப்பி மாட்டுவார்கள். வெடித்ததும் அது கிழிந்து, ஒரு துணுக்கு ஹேமருக்கு அடியில் பொறிக்குள் விழுந்துவிடும். அவ்வளவுதான், எல்லாம் நின்றுவிடும். ஹேமரை இழுக்கும்போது துப்பாக்கியை வானத்தை நோக்கித் தூக்கி உதறுவது ஸ்டைலுக்காக என்று நினைக்க வேண்டாம். கிழிந்த கேப் வெளியே விழட்டும் என்றுதான் அந்தப் பழக்கம்.

கொழுப்பு நம் ஊருக்கும் வந்தது

இங்கே இந்திய வரலாற்றோடு ஒரு தொடர்பு இருக்கிறது. ரிவால்வரை விட்டுக் கொஞ்சம் விலகினாலும் சொல்லியாக வேண்டும்.

கருமருந்துக் கசடை இளக்க எல்லோரும் பயன்படுத்தியது மிருகக் கொழுப்பும் தேன்மெழுகும். ரிவால்வர்காரர்கள் குண்டை அறைக்குள் அழுத்திய பிறகு அதன் மேல் இந்தக் கலவையைப் பூசுவார்கள். நீள் துப்பாக்கிக்கும் இதே தேவை இருந்தது. என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாவில் குண்டு இருக்கும் முனையில் கொழுப்பு தடவியிருப்பார்கள். நாலு முறை சுட்ட பிறகு குழலில் கரி ஏறிவிடும். கொழுப்பு இல்லாமல் குண்டை உள்ளே தள்ள முடியாது. தோட்டாவின் மறுமுனையைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும்.

மீதி உங்களுக்குத் தெரியும். அது மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற செய்தி பரவியது. 1857 மார்ச்சில் பாரக்பூரில் மங்கள் பாண்டே, மே மாதம் மீரட். எழுச்சிக்கு நிலம், வரி, அவமானம், பறிபோன அரசுகள் என்று ஆழமான காரணங்கள் பல இருந்தன. ஆனால் தீக்குச்சியாக வந்தது அந்தக் கொழுப்பு. கொழுப்பு ஏன் வந்தது என்று ஒரு படி பின்னால் போய்ப் பார்த்தால், அங்கே நிற்பது 57 சதவீதச் சாம்பல்.

இதில் இன்னொரு நுணுக்கம். பெட்ரோலிய எண்ணெய் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகு பலர் அதைப் போட்டுப் பார்த்தார்கள். கருமருந்துக் கசடோடு அது சேர்ந்தால் தார் மாதிரி ஆகிவிடும். பழைய கொழுப்பும் மெழுகும்தான் கசடை மெத்தென்று வைத்திருந்தன. புதியது எல்லா இடத்திலும் நல்லதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

வெந்நீரும் சோப்பும்

அக்காலத்துச் சிப்பாய் ரிவால்வரை எப்படிச் சுத்தம் செய்தான்? முதலில் எந்த அறையிலும் மருந்து இல்லை என்று பார்ப்பான். பிறகு மூன்று பாகமாகக் கழற்றுவான். குழலையும் சிலிண்டரையும் சூடான தண்ணீரில் போட்டுச் சோப்பு சேர்த்துத் தேய்ப்பான். அழுகிய முட்டை நாற்றம் வரும். சல்பைடு தண்ணீரோடு சேரும்போது வருகிற நாற்றம் அது. நாற்றம் நின்று, தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவ வேண்டும்.

வெந்நீர் எதற்கு? உப்பு வேகமாகக் கரையும் என்பது ஒன்று. இரும்பு சூடேறிவிட்டால் வெளியே எடுத்ததும் ஈரம் தானே ஆவியாகிவிடும் என்பது இன்னொன்று. அதன் பிறகு துணியால் துடைத்து, அச்சில் கொழுப்பு தடவி, மறுபடி பூட்டுவான். அன்றைக்கே செய்தாக வேண்டும். இரவு கடந்தால் துரு.

இரும்பைத் தண்ணீரில் கழுவுவதா என்று நமக்குத் தோன்றும். ஆனால் கருமருந்துக் காலத்தில் துருவுக்கு மருந்து தண்ணீர்தான். இந்த அறிவு எல்லாச் சிப்பாய்க்கும் இருந்தது. ஒரு தலைமுறைக்குள் அது மறந்தும் போனது. காரணம், வந்தது ஒரு நல்ல கண்டுபிடிப்பு.

ஒரு வளையத்தின் மகத்துவம்

அதற்கு முன் ஒரு சின்ன உலோக வளையத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

1870-களில் பித்தளைத் தோட்டாக்கள் வந்து, கேப் தொல்லை ஒழிந்தது. மருந்து அதே கருமருந்துதான். 1870-ல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நம்பர் 3 மாடலும், 1873-ல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியும் மேலே சட்டம் உள்ளவை. அப்படியானால் ரெமிங்டன் மாதிரி அச்சு இறுக வேண்டுமே? இறுகவில்லை. சிலிண்டரின் முன்முகத்தில், அச்சைச் சுற்றி ஒரு வளையம் சில மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தார்கள். இடைவெளியிலிருந்து அடிக்கிற புகை அந்த வளையத்தின் வெளிப்பக்கத்தில் மோதிச் சிதறிவிடும். அச்சுக்குப் போகாது. மழைத் தண்ணீர் கிணற்றுக்குள் போகாமல் சுற்றிக் கட்டும் கைப்பிடிச் சுவர் மாதிரி.

ரஷ்யா 1871 முதல் நம்பர் 3 ரகத்தை ஒரு லட்சத்துக்கும் மேல் வாங்கியது. வாங்கியவர்களில் எத்தனை பேர் அந்த வளையத்தைக் கவனித்திருப்பார்கள் என்று தெரியாது. ஆனால் துப்பாக்கி சுற்றியது.

சுத்தமாகத் தெரிந்த அழுக்கு

1884-ல் பிரான்சில் போல் வியேல் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். 1889-ல் பிரிட்டனில் கார்டைட் வந்தது. அதைச் செய்த இருவரில் ஒருவர், கருமருந்தின் சாம்பலை அளந்த அதே ஃபிரடெரிக் ஏபெல்! இந்த மருந்து எரிந்தால் கிட்டத்தட்ட எல்லாமே வாயு. வெண்புகை இல்லை, கரி இல்லை. பிரிட்டிஷ் ராணுவம் 1887-ல் எடுத்துக்கொண்ட வெப்லி ரிவால்வரின் தோட்டாவும் 1890-களில் கார்டைட்டுக்கு மாறியது.

சுட்டு முடித்துக் குழலைப் பார்த்தால் பளிச்சென்று இருக்கிறது. எதற்கு வெந்நீர்? எண்ணெய்த் துணியை விட்டுத் துடைத்தால் போதாதா? அப்படித்தான் நிறையப் பேர் நினைத்தார்கள். துடைத்தார்கள், எண்ணெய் பூசினார்கள், உறையில் போட்டார்கள். சில நாளில் திறந்து பார்த்தால் எண்ணெய்க்கு அடியிலேயே துரு!

இது எல்லோரையும் குழப்பியது. மருந்து எரியும்போது அமிலம் உண்டாகி இரும்பின் துளைகளுக்குள் போய் ஒளிந்துகொண்டு, பிறகு வியர்வை மாதிரி வெளியே வருகிறது என்றுகூட விளக்கம் சொன்னார்கள். கேட்க நம்பும்படிதான் இருக்கிறது. ஆனால் தவறு.

1920-களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசின் சுரங்கத் துறையில் இருந்த வில்பர்ட் ஹஃப் என்ற வேதியியலாளர் முடிச்சை அவிழ்த்தார். குற்றவாளி மருந்து கிடையாது. அதைப் பற்றவைக்கும் பிரைமர். தோட்டாவின் பின்னால் இருக்கும் அந்தச் சின்னப் பொட்டில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்தால் ஆக்ஸிஜனைக் கொடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடாக மாறும். நம் சமையல் உப்புக்குச் சொந்தத் தம்பி. காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் அது நீரை இழுத்துத் துருவை ஆரம்பித்து வைக்கும். சென்னையில் மழைக்கால இரவுகளில் 85-ஐத் தாண்டுவது சாதாரணம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன பொட்டுத் துப்பாக்கியிலும் இதே குளோரேட்தான்.

உப்பு எண்ணெயில் கரையாது. ஆகவே எண்ணெய் பூசினால் உப்பு அப்படியே அடியில் பத்திரமாக இருக்கும். தண்ணீரிலோ நன்றாகக் கரையும்: 100 மில்லி குளிர்ந்த நீரில் 34 கிராம், கொதிநீரில் 56 கிராம்.

கருமருந்துக் காலத்திலும் கேப்பில் குளோரேட் இருந்தது. அப்போது ஏன் தெரியவில்லை? கரியைக் கழுவப் போட்ட வெந்நீரில் இந்த உப்பும் சேர்ந்து போய்விட்டது. தெரிகிற அழுக்கு, தெரியாத அழுக்கையும் கழுவ வைத்தது. தெரிகிற அழுக்கு போனதும் கழுவுவது நின்றது, தெரியாதது தங்கிவிட்டது. இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

பிரிட்டிஷ் சிப்பாய்கள் மட்டும் பழைய பழக்கத்தை விடவில்லை. லீ என்ஃபீல்டு துப்பாக்கிக்குள் ஒரு புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றுவது இரண்டு உலகப் போர்களிலும் அவர்களுக்கு வழக்கம். காரணம் தெரிந்தோ தெரியாமலோ, செய்தது சரி. 1920-களின் இறுதியில் ஜெர்மனியில் குளோரேட் இல்லாத சினாக்சிட் பிரைமர் வந்தது. அதன் பிறகு மெல்ல மெல்ல உலகம் முழுக்க மாறியது. ராணுவங்கள் கடைசியாக மாறின.

எல்லா இறுக்கமும் அழுக்கு ஆகாது

இங்கே ஓர் எச்சரிக்கை. இறுகியிருந்தால் கெட்டுவிட்டது என்று எப்போதும் சொல்ல முடியாது.

1895-ல் ரஷ்யா எடுத்துக்கொண்ட நாகாந்த் ரிவால்வரை எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ஜியத்தின் லெயோன் நாகாந்த் வடிவமைத்தது. ஏழு தோட்டா. காலியரின் பழைய யோசனை இதில் மறுபிறவி எடுத்தது. ஹேமர் பின்னால் போகும்போது சிலிண்டர் சுற்றுவதோடு முன்னாலும் நகர்ந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும். தோட்டாவின் பித்தளை வாயே குழலுக்குள் நுழைந்து இடைவெளியை அடைத்துவிடும். ஒரே அழுத்தலில் விசை இத்தனை வேலையும் செய்ய வேண்டும். அதனால் அதை இழுக்க 9 கிலோ அளவுக்குப் பலம் வேண்டும். புதுசாக இருந்தபோதே அப்படித்தான்.

இது தெரியாமல் "பழசாகி இறுகிவிட்டது" என்று ஸ்பிரிங்கை வளைத்து, உள் பாகங்களை அரம் போட்டுத் தேய்த்தவர்கள் உண்டு. தேய்த்தால் விசை லேசாகும். பூட்டு நாக்கோ பற்களோ தேய்ந்தால் அறையும் குழலும் நேராக நிற்காது. அப்படி ஒரு துப்பாக்கியைச் சுடுவது சுடுபவனுக்கே ஆபத்து.

மூன்றாவது வகை இறுக்கம் ஒன்று உண்டு, வெறும் வயதால் வருவது. தையல் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டால் என்ன ஆகும் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். கொஞ்ச காலத்தில் பிசினாகி சக்கரம் சுற்றாது. பழைய காலத்து மிருக, தாவர எண்ணெய்களும் அப்படியே. காற்றுப்பட்டு வார்னிஷ் மாதிரி இறுகிவிடும். பல வருடம் பெட்டியில் கிடந்த ரிவால்வர் சுற்றாததற்குப் பாதிக் காரணம் இதுதான். இதற்குத் தண்ணீர் உதவாது; எண்ணெய்ப் பிசினை இளக்கும் கரைப்பான்தான் வேண்டும்.

ஆக, கரியும் உப்பும் என்றால் தண்ணீர். பிசின் என்றால் கரைப்பான். அமைப்பே அப்படி என்றால் கையை வைக்காமல் இருப்பது. எது என்று தெரிவதற்கு முன் பலத்தைக் காட்டக் கூடாது. அருங்காட்சியகப் பாதுகாப்பாளர்கள் இதையே பின்பற்றுகிறார்கள். ஊற வைத்துப் பொறுத்திருப்பார்கள், ஸ்க்ரூவின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் கருவியை மட்டும் வைப்பார்கள், பழைய நிறத்தைப் பாலிஷ் போட்டு அழிக்க மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. பழைய துப்பாக்கி என்றால் காலியாகத்தான் இருக்கும் என்று நினைக்கவே கூடாது. கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருடம் கழித்தும் வெடிக்கும். 2008-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், உள்நாட்டுப் போர்க் காலத்துப் பீரங்கிக் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்த அனுபவசாலியான சேகரிப்பாளர் அது வெடித்து இறந்தார். 1865-ல் முடிந்த போர், 143 வருடம் கழித்து ஓர் உயிரை வாங்கியது. நம் நாட்டிலோ உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். பரணில் தாத்தா காலத்துத் துப்பாக்கி ஏதாவது கிடைத்தால் நோண்டாமல் போலீசுக்குச் சொல்வதுதான் புத்திசாலித்தனம்.

மறந்து போன வளையம்

கடைசியாக ஒரு விஷயம். 20-ஆம் நூற்றாண்டின் கடைசியில், அமெரிக்கப் பழங்கால ஆர்வலர்களுக்காக ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நம்பர் 3 ரகத்தின் நகல்களை இத்தாலியில் செய்தார்கள். வெளித்தோற்றம் அச்சு அசல். ஆனால் இன்றைக்கு எளிதாகக் கிடைக்கும் நீளமான தோட்டாவைப் போட வேண்டும் என்பதற்காகச் சிலிண்டரை நீட்டினார்கள். சட்டத்தை நீட்டவில்லை. இடம் எங்கிருந்து கிடைத்தது? முன்னால் இருந்த அந்த வளையத்தைக் குறுக்கினார்கள்.

இன்றைய புகையில்லா மருந்தில் சுட்டவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆசைக்குக் கருமருந்து போட்டுச் சுட்டவர்களுக்கு மட்டும், சில சுற்றுகளிலேயே சிலிண்டர் இறுகியது. 1870-ல் தீர்ந்துபோன பிரச்சினை நூற்றிச் சொச்சம் வருடம் கழித்து மறுபடி வந்து நின்றது.

வளையத்தைக் குறுக்கியவர்கள் முட்டாள்கள் அல்லர். கருமருந்தின் கரி அவர்கள் கையில் ஒட்டியதில்லை, அவ்வளவுதான். பழைய பொருள் ஒன்றில் எதற்கென்றே தெரியாத ஒரு பள்ளமோ வளையமோ இருந்தால், அதை வெட்டி எறிவதற்கு முன் அந்தக் காலத்தில் அங்கே எந்த அழுக்கு வந்து படிந்தது என்று ஒரு தடவை கேட்டுப் பார்ப்பது நல்லது.